நான்காவது குழாய்

வைகாசி பிறந்தால் புத்தளக் கரையில் கடல் கையை விரித்துவிடும். சோளகம் எழும்பும். கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரைக்கும் அலை வெள்ளை வெள்ளையாய் உடையும். கரைவலைத் தோணிகள் மேட்டுக்கு ஏறிவிடும். வசதியுள்ள சம்மாட்டிமார் ஆட்களைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் வாடி போடப் போவார்கள். போகாதவர்கள் தென்னை நிழலில் குந்தியிருந்து வலை பொத்துவார்கள். புரட்டாசி கழிந்து காற்றுத் திரும்பும்வரை இந்தக் கரையின் வேலையெல்லாம் கரையிலேதான்.

இதே காற்றுதான் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்மேல் சறுக்கும் வெளிநாட்டாரைக் கற்பிட்டிக்கு அழைத்துவருகிறது. மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருவதும் இதுவே. வில் பிடிக்கிற எங்களைத்தான் அது முடக்கிவிடுகிறது. ஒலிம்பிக்கில் எய்யும் தூரம் 70 மீற்றர். இலக்கின் விட்டம் 122 சென்ரிமீற்றர், நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்ரிமீற்றர். சோளகம் வீசுகிற நாளில் அந்தத் தூரத்துக்கு ஒரு அம்பை விட்டு, அது தைத்த இடத்தைப் பார்த்தால் காற்றைப் பற்றி ஏதாவது தெரியவரலாம். எய்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் இந்த மாதங்களில் இலக்கை அருகே இழுத்துக்கொள்கிறோம். ஐந்து மீற்றர், மிஞ்சினால் பத்து. தென்னந்தோப்பின் களப்புப் பக்கத்தில், பழைய சுவரொன்றின் மறைவில், வட்டமோ புள்ளியோ ஒட்டாத வெறும் வைக்கோல் மெத்தை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சற்று நேரத்தில் சலித்துப் போய்விடுவார்கள். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நடப்பதெல்லாம் எய்கிறவரின் உடம்புக்குள்ளே: கால் ஊன்றுவது, தோள் இறங்குவது, நாண் வந்து தாடையில் படிவது, விரல் தானாக விடுபடுவது.

இந்தப் பயிற்சிக்கு எப்படிப்பட்ட அம்பறாத்தூணி வேண்டும்? சின்ன விசயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வில் வாங்கும்போது அதன் இழுவைப் பாரத்தை மாதக்கணக்கில் யோசிக்கிறோம். அம்புத்தண்டின் விறைப்பை அட்டவணை பார்த்துத் தெரிவுசெய்கிறோம். தூணிக்கு வரும்போது காசும் பொறுமையும் தீர்ந்திருக்கும், கடையில் தொங்குவது எதுவோ அது போதும் என்றாகிவிடும். இந்த வரிசை தவறு என்பது என் எண்ணம், அதுவும் போட்டியில்லாத மாதங்களுக்கு. அம்பு விடுவது ஒரு கணம். ஒரு அம்புக்கும் அடுத்த அம்புக்கும் நடுவே கழிகிற நேரம் அதைவிடப் பல மடங்கு நீண்டது. அந்த நேரத்தில் கை போகிற ஒரே இடம் தூணி. கை தடவித் தேடினால் கண் அதன் பின்னால் போகும், கண் போனால் கழுத்துத் திரும்பும், கழுத்துத் திரும்பினால் அவ்வளவு பாடுபட்டு ஊன்றிய கால் இடம் பெயரும். அடுத்த அம்பைப் புதிதாய்க் கட்டியெழுப்பவேண்டி வரும். வைகாசியிலிருந்து நாங்கள் பழகுவது ஒரே நிலையைக் குலையாமல் வைத்திருப்பதைத்தான் என்றால், அதைக் குலைக்கிற முதல் ஆள் இடுப்பில் தொங்கும் அந்தப் பைதான்.

என்னிடம் பழக வருகிறவர்களில் உடப்புப் பையன் ஒருவன் உண்டு. கரைவலைக் குடும்பம். சொந்தத் தூணி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டு வந்தான். முதுகில் மாட்டுவதுதான் வேண்டும் என்று நின்றான். “அர்ச்சுனன் முதுகுலதானே சேர் வச்சிருந்தான்?”

அவன் மனதில் இருந்த படம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். காலண்டர்ப் படத்திலும் 1987இல் தூர்தர்சனில் தொடங்கிய இராமானந்த சாகரின் இராமாயணத்திலும் வில்லாளியின் முதுகில் தூணி இருக்கும். 1938இல் எரோல் ஃபிளின் நடித்த ராபின் ஹூட் படத்திலும் அப்படியே. அழகான ஏற்பாடு. கை தலைக்குமேல் போய் அம்போடு இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அதில் ஒரு கம்பீரம் இருக்கும். எய்கிறவருக்கோ ஒவ்வொரு அம்புக்கும் தோளை உயர்த்தித் திருப்புகிற வேலை. அதே தோள்தான் சற்று முன் முப்பது, நாற்பது இறாத்தலை இழுத்துப் பிடித்தது. போட்டி மாதங்களில் களைத்த தோளை ஆற்றுவதற்காகவே இந்தக் காலத்தை ஒதுக்கியிருக்கிறோம், ஆற்றவேண்டிய உறுப்புக்கு இன்னொரு வேலை கொடுப்பது நியாயமில்லை. போதாததற்கு, முதுகில் உள்ள அம்புகள் கண்ணில் படுவதில்லை. எத்தனை மிச்சம், எதன் இறகு கசங்கியிருக்கிறது என்பதெல்லாம் கை சொல்லித்தான் தெரியவேண்டும். கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்தால் மற்றவையும் தலைக்குமேலாகச் சரிந்து வரும்.

நிலத்தில் குத்தி வைக்கிற தூணியும் உண்டு. ஒரு கம்பியும் வளையமும் போதும். மணல் நிலமான எங்களுக்கு அது மிகவும் எளிது, செலவுமில்லை. ஆனால் முனை மணலில் பட்டுக்கொண்டே இருக்கும். ஈர மணல் முனையோடு மெத்தைக்குள் போகும், அடுத்து வருகிற தண்டை உரசும். புல்வெளியில் எய்கிறவர்களுக்கு அது நல்ல தூணியாக இருக்கலாம். எங்கள் மணலில் வேண்டாம் என்றே சொல்வேன்.

மிஞ்சுவது இடுப்புத் தூணி. அதிலும் இரண்டு விதம். காட்டுக்குள் நடந்து நடந்து எய்கிறவர்களுடையதில் அம்பின் இறகுப் பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், புதரில் மாட்டாது. ஒரே இடத்தில் நின்று எய்கிறவர்களுடையதில் அது முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், கண்ணைத் திருப்பாமலே கைக்கு எட்டும். நின்று பழகுகிறவருக்கு இரண்டாவதே பொருத்தம். பட்டி இறுக்கமாக இருக்கவேண்டும். நடக்கும்போது தூணி தொடையில் அடித்துக்கொண்டு வந்தால் அம்புகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும்.

உள்ளே குழாய்களாகப் பிரித்திருப்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்லா அம்பையும் ஒரே வாயில் திணித்தால் இறகோடு இறகு நெரிந்து வளையும். அருகில் எய்யும்போது வளைந்த இறகின் பிழை தெரியாது, காற்று ஓய்ந்து 70 மீற்றருக்குத் திரும்பும்போதுதான் அது கணக்குக் கேட்கும். இறகைக் காப்பது பழைய கவலை. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் 1545இல் கடலில் மூழ்கியது. அதன் உடலை 1982இல் தூக்கியெடுத்தார்கள். ஆயிரக்கணக்கான அம்புகளோடு, துளையிட்ட தோல் வட்டுகளும் அந்தச் சேற்றிலிருந்து கிடைத்தன. ஒரு வட்டில் 24 துளை, ஒரு கட்டுக்கு 24 அம்பு. துளைக்கு ஒன்றாகச் செருகினால் இறகுகள் தொட்டுக்கொள்ளாது. போருக்குப் போகிற அவசரத்திலும் அந்தத் தோல் வட்டை வெட்டித் துளையிட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை வருகிறது.

இனி உப்பு. புத்தளத்தில் எதை வாங்கினாலும் கடைசியில் இந்தப் பேச்சுக்கு வந்துதான் ஆகவேண்டும். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்து தப்பிப்போன ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், உள்நாட்டுக்கு உப்பும் மீனும் போகிற துறையாகப் புத்தளத்தைக் குறிப்பிடுகிறார். இன்றைக்கும் களப்போரமாய் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. சோளகக் காலத்துக் காற்றில் உப்பு நேரே முகத்தில் வந்து படியும். உலோகச் சிப் வைத்த தூணி இங்கே ஒரு சோளகம்கூடத் தாங்காது. பல் இறுகி, திறக்க மறுத்துவிடும். கொக்கியும் பொத்தானும் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். தோல் தூணி கண்ணுக்கு அழகு, ஆனால் ஐப்பசி மழை தொடங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். துணியானால் நைலோன் நல்லது, நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடலாம். குழாயின் அடியில் துளை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். அடைத்த குழாயில் மணலும் ஈரமும் தேங்கி, அம்பின் உருக்கு முனைகள் அதில் ஊறிக்கொண்டிருக்கும். கார்பன் தண்டு துருப்பிடிக்காது என்று தைரியமாக இருக்கிறவர்கள் முனையை மறந்துவிடுகிறார்கள். வெயிலில் மூடிய வண்டிக்குள் தூணியை விட்டுப்போகவும் கூடாது. முனையை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். பிறகு அம்பைப் பிடுங்கும்போது தண்டு கையோடு வரும், முனை மெத்தைக்குள் நின்றுவிடும்.

எத்தனை அம்பு கொள்ளவேண்டும் என்று கேட்டால், மூன்று என்பேன். கடைக்காரர் பன்னிரண்டு கொள்ளும் தூணியைப் பெருமையாகக் காட்டுவார். ஐந்து மீற்றரில் பன்னிரண்டு அம்பை எய்யவே முடியாது. கை ஒழுங்காக இருந்தால் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். இரண்டாவது முதலாவதின் இறகைக் கிழிக்கும், மூன்றாவது இரண்டாவதின் பிட்டத்தைப் பிளக்கும். இலக்கில்லாத மெத்தையிலும் கை தனக்கென ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வருகிற சேதம் இது. ஒவ்வொன்றையும் மெத்தையின் வெவ்வேறு மூலைக்கு அனுப்பிச் சமாளிக்கலாம். அப்போதும் மூன்றுக்குமேல் போனால் சேதம் வரத்தான் செய்யும்.

இந்தச் சேதக் கணக்கு ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது வேறொன்று. நிறைய அம்பு இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் கை அலட்சியமாகிவிடும். இது சரியில்லை, போகட்டும், அடுத்தது இருக்கிறது. முந்தியதை நினைத்துப் பார்க்குமுன் கை தூணிக்குள் போய்விடும். மூன்றே உள்ளபோது அப்படிப் போகமுடியாது. மூன்றும் தீர்ந்ததும் வில்லை வைத்துவிட்டு நடக்கவேண்டும். மெத்தையில் ஒரு கையை ஊன்றி, தண்டின் அடியைப் பிடித்து நேராய் இழுக்கவேண்டும். துடைக்கவேண்டும், மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேட்கவேண்டும். திரும்பி நடக்கும்போது தோள் தளர்கிறது, மூச்சு இறங்குகிறது. உடப்பில் கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடி இழுப்பார்கள், அந்த இடைவெளியில்தான் கைக்குப் புதுப் பலம் வரும். பையனுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று. சின்ன வயதிலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்தவன் அவன்.

அம்பு குறைவாக இருப்பதைக் குறை என்றே நினைக்காத வில்லாளிகள் இந்தத் தீவில் இருந்தார்கள். நொக்ஸ் அதே நூலில் வேடரைப் பற்றிச் சொல்கிற செய்தி ஒன்று: அம்புமுனை வேண்டுமானால் அவர்கள் இரவில் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவார்கள். பக்கத்தில், தங்களுக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலை ஒன்று. கொல்லன் அதன்படி அடித்துவைத்தால் இன்னும் இறைச்சி வரும். அடிக்காவிட்டால் இரவில் அவன்மேல் அம்பு வரும். ஒரு முனைக்கு இவ்வளவு பாடு என்றால், அந்த அம்பை நாணில் ஏற்றியவர் எவ்வளவு நேரம் பொறுத்திருந்து விட்டிருப்பார் என்று யோசிக்கிறேன்.

பையன் கேட்ட அர்ச்சுனன் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உடப்பில் பிறந்தவனிடம் அதைச் சுருக்கமாகச் சொல்லவும் முடியாது. ஆடியில், கடல் முரண்டு பிடிக்கிற நேரத்தில், உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா பதினெட்டு நாள் நடந்து தீமிதிப்பில் முடியும். இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் அந்த ஊரில் பாரதக் கதை குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. காண்டவ வனத்தை எரிக்க அக்கினி கேட்டபோது, வருணனிடமிருந்து காண்டீபமும் அம்பு குறையாத இரண்டு தூணிகளும் அர்ச்சுனனுக்குக் கிடைத்ததை யாரும் அவனுக்குப் புதிதாய்ச் சொல்லவேண்டியதில்லை. எடுக்க எடுக்கக் குறையாத தூணி. எந்த வில்லாளிக்குத்தான் அந்த ஆசை இல்லை!

அந்தத் தூணிகள் கடைசியில் என்னவாயின என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும் மரபு பெரும்பாலும் வில்லிபுத்தூராரைப் பின்பற்றியது. வில்லிபாரதம் பத்துப் பருவத்தோடு, சௌப்திக பருவத்தில் நின்றுவிடுகிறது. போர் முடிந்ததும் கதை முடிந்தது. பிறகு நடந்தவற்றைத் தமிழில் படிக்க நல்லாப்பிள்ளை பாரதம் வரை போகவேண்டும்.

வியாச பாரதத்தின் மௌசல பருவத்தில் அது வருகிறது. கிருஷ்ணன் போய்விட்டான். துவாரகையின் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அர்ச்சுனன் வருகிறான். வழியில் ஆபீரர்கள் தடி தூக்கிக்கொண்டு பாய்கிறார்கள். அவன் காண்டீபத்துக்கு நாணேற்றப் பெரும் பாடுபடுகிறான். நினைத்த மாத்திரத்தில் வந்த அஸ்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. எய்கிறான், எய்கிறான், ஒரு கட்டத்தில் குறையாத அந்தத் தூணிகள் ஒழிந்துபோகின்றன. வில்லின் நுனியால் அடித்துப் பார்க்கிறான். கண்முன்னே பெண்களைக் கொண்டுபோகிறார்கள். அந்த ஆயுதங்கள் வந்த காரியம் முடிந்துவிட்டது என்று வியாசர் பிறகு அவனுக்குச் சொல்கிறார். கடைசிப் பயணத்தில் அக்கினி மறுபடி வழிமறித்து, வருணனுடையதை வருணனுக்குத் திருப்பிக் கொடு என்று கேட்க, அர்ச்சுனன் வில்லையும் தூணிகளையும் நீரில் எறிந்துவிடுகிறான்.

வியாசர் சொன்னதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது! ஆனாலும் வில் பிடிக்கிறவனாக அந்தப் பகுதியைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பாரதத்தின் மிகச் சிறந்த வில்லாளி, கையைப் பின்னால் கொண்டுபோய் அங்கே ஒன்றும் இல்லை என்று அறிவதை, காண்டீபம் கைக்கு வந்த பிறகு ஒருநாளும் பழகியிருக்கவில்லை. துரோணரிடம் படித்த காலத்தில் பழகியிருப்பான். காண்டவத்துக்குப் பிறகு தேவையில்லாமல் போயிற்று. தூணி ஒழிந்த அந்தக் கணத்தில் அவனுக்கு வேறு வேலை தெரியவில்லை. வில்லைத் தடியாக்கத்தான் தோன்றியது. எங்களுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. மூன்று அம்பு, பிறகு வெறும் தூணி. ஒவ்வொரு முறையும் கை வெறுமையைத் தொட்டுத் திரும்புகிறது. அந்த நேரத்தில் உடம்பு பதறாமல், அடுத்து நடக்கவேண்டியது நடைதான் என்று தெரிந்து நின்றால், போட்டியில் கடைசி அம்பைக் கையில் எடுக்கும்போதும் அப்படியே நிற்கும். அர்ச்சுனன் முதுகில் வைத்திருந்தானா இடுப்பில் வைத்திருந்தானா என்பதைவிட, அது ஒழிந்தபோது என்ன ஆனான் என்பதுதான் பயிற்சிக்காரனுக்கு வேண்டிய பாடம் என்று பையனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொம்பளையாக்கள் என்ன ஆனாங்க சேர்?” என்று கேட்டான். நான் கதையைச் சொன்னது தூணிக்காக. அவன் கேட்டது கதை கேட்கவேண்டிய கேள்வி.

அவன் இடுப்புத் தூணிதான் வாங்கினான். நான்கு குழாய். மூன்றில் ஒவ்வொரு அம்பு. நான்காவதில் சந்தேகத்துக்குரியதை மட்டும் போடுவது என்று வைத்துக்கொண்டோம். கார்பன் தண்டில் மயிரளவு வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதை நாணில் ஏற்றி விட்டால் சிதறி, வில் பிடித்த கையிலேயே ஏறிவிடலாம். இன்னொரு அம்பில் மோதியது, மெத்தையின் மரச் சட்டத்தில் பட்டது, வளைத்துப் பார்க்கும்போது சின்னச் சத்தம் கொடுத்தது, எல்லாமே அந்தக் குழாய்க்குப் போகும். பயிற்சி முடியும்வரை அதைத் தொடுவதில்லை. வீட்டுக்குப் போய் நல்ல வெளிச்சத்தில் பார்த்துத்தான் தீர்ப்பு.

எய்ய ஆயத்தமானதையும் ஆகாததையும் ஒரே தூணியில் சுமப்பது புது வழக்கமில்லை. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து ஐயாயிரம் வருடங்களுக்கு முந்தைய மனிதன் ஒருவனின் உடல் கிடைத்தது. ஒட்ஸி என்று பெயர் வைத்தார்கள். அவனிடம் தோல் தூணி ஒன்று இருந்தது, உள்ளே 14 அம்புத்தண்டுகள். கல்முனையும் இறகும் ஏறி முழுமையானவை இரண்டுதான், அந்த இரண்டும் முறிந்திருந்தன. மற்றப் பன்னிரண்டும் இன்னும் வேலை முடியாத தண்டுகள். எதைச் சீவவேண்டும், எதற்கு முனை ஏற்றவேண்டும் என்று நடந்துகொண்டே யோசித்திருப்பான் போலும். நிரம்பிய தூணியோடு வேட்டைக்குப் போகிறவனைவிட இவனையே நான் எங்கள் ஆளாக நினைக்கிறேன்.

பையனுக்கு இப்போது வேறு கவலை. ஒக்டோபரில் காற்று ஓய்ந்தால் தூரத்துக்குத் திரும்பவேண்டும். போட்டியின் தரவரிசைச் சுற்றில் 72 அம்பு, ஆறு ஆறாய்ப் பன்னிரண்டு தடவை. அப்போது மூன்று குழாயில் குழாய்க்கு இரண்டு அம்பு போடவேண்டி வரும், இறகோடு இறகு உரசும் என்கிறான். அது உண்மைதான். அப்படியானால் நான்காவதையும் எடுத்துக்கொள்ளலாமே என்பது அவன் வாதம். சந்தேகத்துக்குரிய அம்புக்குப் போட்டியிலும் தனி இடம் வேண்டும், பதற்றத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்லமுடியாது என்பது என் வாதம். அவன் அப்பா வலை பொத்திக்கொண்டே இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, தூணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துண்டு பிளாஸ்ரிக் குழாய் கொண்டுவந்தால் வெளிப்பக்கமாக வலைநூலில் ஐந்தாவதாகக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குழாயின் விட்டம் இறகு உரசாத அளவுக்கு இருக்கவேண்டும். சிலாபத்தில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.